கடைசி வண்டிக்கு முன்னால்

தெருவில் எல்லோருக்கும் அவள் புகார் அக்கா. அவள் யாரைப் பற்றியும் புகார் சொன்னதில்லை. புகார் கேட்பது அவள் வேலை. குடிநீர் அலுவலகத்தின் நான்காவது மாடியில் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் வராதவர்கள், வந்தும் கலங்கலாக வருகிறவர்கள், பக்கத்து வீட்டுக்கு மட்டும் வருவது பொறுக்காதவர்கள் எல்லோரும் அவளிடம்தான் கத்துவார்கள். எவ்வளவு கத்தினாலும் அக்காவின் குரல் ஏறாது. "புரியுதுங்க. பதிவு பண்ணிட்டேன். ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்பாள். அந்த ஒரு நிமிஷத்தில் பாதிப் பேருக்குக் கோபம் இறங்கிவிடும். மீதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். அக்காவுக்கு இரண்டும் சம்மதம்.

இந்தப் பொறுமையெல்லாம் அலுவலகத்தோடு சரி. வீட்டுக்கு வரும்போது அதை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வருவாள்.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். நேரம் தவறாதவர் என்று டெப்போ முழுக்கப் பெயர். அவருடைய பஸ் கிளம்புவதைப் பார்த்து ஒரு டீக்கடைக்காரர் தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார் என்று சொல்வார்கள். "நேரத்துக்கு எடுத்தாத்தான் பஸ். இல்லன்னா அது லாரி" என்பது டிரைவரின் கொள்கை.

அந்தக் கொள்கைதான் ஒருநாள் காலை அக்காவைத் தெருவில் நிறுத்தியது. அவள் வழக்கமாக ஏறுவது அவர் ஓட்டும் பஸ்ஸில்தான். அன்று குடையைத் தேடியதில் தாமதம். நிறுத்தத்துக்கு இன்னும் சில அடி இருக்கும்போது பஸ் உறுமத் தொடங்கியது. அக்கா கையை ஆட்டிக்கொண்டே ஓடினாள். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "அண்ணே, அண்ணி வர்றாங்க" என்றார். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "தெரியுது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

சாயங்காலம் வீட்டில் விசாரணை நடந்தது.

"என்னைப் பார்த்தீங்களா இல்லையா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டுமா எடுத்தீங்க?"

"உனக்காக நின்னா நாளைக்கு எல்லார் பொண்டாட்டிக்கும் நிக்கணும்."

"மத்தவங்க பொண்டாட்டிக்கு நீங்க ஏங்க நிக்கணும்?"

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். பெற்றோர் பேசாமல் இருக்கும் நாட்களில் இருவருக்கும் நடுவில் செய்தி கொண்டுபோவதும் அவளுடைய கூடுதல் வேலை.

உண்மையில் அக்காவைக் குடைந்தது பஸ் போனது அல்ல. அந்தச் சில அடி ஓடியதற்கே விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சு திக்குத் திக்கென்று அடித்தது. தன்னைவிட வயதான ஒருவர் எழுந்து, "உட்காருங்கம்மா" என்று நிழற்குடையில் இடம் கொடுத்தார். அதுதான் அவளால் பொறுக்க முடியாமல் போனது. மறுநாள் விடிந்ததும் மகளுடைய பழைய கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போனாள்.

பூங்காவில் ஏற்கெனவே ஒரு கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். கையில் பேசும் கடிகாரம், இடுப்பைச் சுற்றிக் குட்டிக் குட்டித் தண்ணீர்ப் பாட்டில்கள், மழை நாளிலும் கறுப்புக் கண்ணாடி என்று முழு ஏற்பாட்டோடு வருவார். ஓடுகிறவர்களிடம், "வாயைத் திறந்து மூச்சு விடுங்க" என்பார். திறந்தால் மூச்சை விட்டுவிட்டுப் பல்லைப் பார்ப்பார். ஆனாலும் நல்ல மனிதர். அக்கா அரைச் சுற்றில் பெஞ்சில் சாய்ந்தபோது, "ஓடணும்னு அவசியமில்லக்கா. நிக்காம இருந்தாப் போதும்" என்று சொன்னார். அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வேகம் அவளுக்கு வரவேயில்லை. ஆனால் நிற்காமல் போகத் தெரிந்துவிட்டது. நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே குரலில், ஒரே பதிலைச் சொல்கிறவளுக்கு அது புதிய வித்தையும் அல்ல.

மழைக்காலம் போய் வெயில் காலமும் போனது. அக்கா பூங்காவை விட்டுச் சாலைக்கு வந்தாள். முழங்கால் வலித்தது. காலைக் கட்டிலில் நீட்டிவைத்துக்கொண்டு அதனிடம், "புரியுதுங்க, பதிவு பண்ணிட்டேன்" என்று சொல்வாள். பெருவிரல் நகம் கறுத்து ஒருநாள் குளியலறையில் கழன்று விழுந்தது. டிரைவர் அதைப் பார்த்துவிட்டு மகளிடம், "உங்கம்மாவுக்கு உதிரிப் பாகமெல்லாம் கழலுது. சொல்லி வை" என்றார். அலுவலகத்தில் லிப்டை விட்டுவிட்டு மாடிப்படி ஏறத் தொடங்கினாள். மேலே போய் உட்கார்ந்த கையோடு மூச்சு வாங்காமல் போனை எடுத்ததில், வழக்கமாகக் கூப்பிடும் ஒருவர், "புதுசாச் சேர்ந்த பொண்ணா? பழைய அம்மா எங்க?" என்று கேட்டார். அக்கா அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள்.

ஒருநாள் சாப்பிடும்போது விஷயத்தை உடைத்தாள். "மாரத்தான்ல பேர் கொடுத்திருக்கேன்."

"எவ்வளவு தூரம்?"

"நாப்பத்திரண்டு கிலோமீட்டர்."

டிரைவர் மென்று முடித்து விழுங்கினார். "அது நம்ம ரூட்டுல ரெண்டு ட்ரிப். நடுவுல டீ குடிக்கவாவது விடுவாங்களா?"

"தண்ணி கொடுப்பாங்க."

"உங்க ஆபீஸ்ல ஊருக்கே கொடுக்கிறதில்ல. உனக்கு மட்டும் கொடுப்பாங்களாக்கும்."

அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. தடுக்கவும் இல்லை. அவரைப் பொறுத்தவரை அது பெரிய ஆதரவு.

ஓட்டத்துக்குச் சில நாள் முன்பு டெப்போவில் அவரைக் கூப்பிட்டு ஒரு சிறப்புப் பணி கொடுத்தார்கள். மாரத்தானில் கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு பஸ் வரும். குறிப்பிட்ட நேரத்துக்குள் போய்ச் சேரத் தேவையான வேகத்தில் அது நகரும். அந்தப் பஸ் உங்களைத் தாண்டிவிட்டால் உங்கள் ஓட்டம் முடிந்தது. பேசாமல் ஏறிக்கொள்ள வேண்டும். கடைசியில் கிடப்பதையெல்லாம் பெருக்கி அள்ளிக்கொண்டு வருவதால் ஓட்டக்காரர்கள் அதைத் துடைப்ப வண்டி என்பார்கள். நத்தை வேகத்தில், ஆனால் நேரம் பிசகாமல் ஓட்ட வேண்டும். டெப்போவில் வேறு யாரைப் போடுவார்கள்?

டிரைவர் வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் அவள் தூங்கமாட்டாள். தன்னையும் தூங்கவிடமாட்டாள். தவிர, அவள் அவ்வளவு பின்னால் வருவாள் என்று அவர் நினைக்கவும் இல்லை.

அக்கா அவ்வளவு பின்னால்தான் வந்தாள்.

கிளம்பியபோது ஆயிரக்கணக்கானோர் நடுவில் இருந்தாள். பல் டாக்டர், "முடிவுக்கோட்டுல பார்க்கலாம்க்கா" என்று கைகாட்டிவிட்டு முன்னால் பறந்தார். வெயில் ஏற ஏற அக்காவைச் சுற்றிக் கூட்டம் கரைந்தது. பாதி தூரத்தில், மேஜைகளை மடித்துக்கொண்டிருந்தவர்கள் அவளைக் கண்டு மறுபடி விரித்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அதன்பின் முன்னாலும் பின்னாலும் வெறும் சாலைதான்.

முக்கால் தூரம் நெருங்கும்போது முதுகுக்குப் பின்னால் ஓர் இன்ஜின் சத்தம் கேட்டது. எத்தனையோ வருஷமாகக் கேட்ட இருமல் அது. திரும்பிப் பார்த்தாள்.

"நீங்களா?"

"டூட்டி" என்றார் டிரைவர், ஜன்னல் வழியாக.

"உங்கள யார் வரச் சொன்னா?"

"டெப்போல சொன்னாங்க."

"வீட்ல சொல்லவேயில்ல."

"நீ கடைசியா வருவேன்னு நீயும் சொல்லலயே."

பஸ்ஸின் படியில் மஞ்சள் கொடியோடு ஓர் அமைப்பாளர் நின்றுகொண்டிருந்தார். "டிரைவர், ஓடுறவங்ககிட்டப் பேசக்கூடாது. ரூல்."

"அது என் சம்சாரம் சார்."

"சம்சாரமா இருந்தாலும் இப்ப ஓடுறவங்கதானே?"

"அத நீங்களே அவகிட்டச் சொல்லுங்க."

கொடிக்காரர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கொடியைச் சரிசெய்வதில் மும்முரமானார்.

பஸ்ஸுக்குள் ஏற்கெனவே சிலர் இருந்தார்கள். முன் இருக்கையில், இரண்டு கெண்டைக்காலிலும் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு பல் டாக்டர் உட்கார்ந்திருந்தார். வேகமாகப் போனவருக்குப் பாதி வழி தாண்டியதும் காலில் நரம்பு சுண்டியிழுத்து, சாலையோரம் படுத்துவிட்டாராம். கைக்கடிகாரம் மட்டும், "அருமை, தொடருங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்ததாம். "அக்கா, நிக்காதீங்க. நின்னீங்கன்னா நம்ம பார்க்குக்கே அவமானம்" என்று ஜன்னலில் தலையை நீட்டினார். தாம் உள்ளே இருப்பது அவருக்கு அப்போது மறந்துபோயிருக்க வேண்டும்.

இப்படியே போனார்கள். முன்னால் அக்கா நொண்டி நொண்டி. அவளுக்கு ஓர் ஆள் தூரம் பின்னால் பஸ்.

"ரொம்ப ஒட்டி வராதீங்க. புகை வருது."

"நீ கொஞ்சம் எட்டிப் போட்டா நான் ஏன் ஒட்டி வரப்போறேன்?"

"நீங்க மெதுவாப் போங்களேன்."

"வண்டிக்கு நேரம் இருக்கு."

"உங்க நேரத்தைத் தூக்கி உடைப்புல போட."

பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். யாருக்காக என்று தெரியவில்லை.

எதிரே மேம்பாலம் வந்தது. ஏற்றத்தில் அக்கா நடக்கிறாளா ஓடுகிறாளா என்று சொல்வது கஷ்டமாக இருந்தது. இடது காலைப் போட்டு வலது காலை இழுத்தாள். ஒருமுறை தடுமாறி, கைப்பிடிச் சுவரைத் தொட்டு நிமிர்ந்தாள். டிரைவர் பேச்சை நிறுத்தியிருந்தார். பாதி ஏற்றத்தில் பஸ்ஸுக்குள் ஏதோ கருகும் வாடை அடித்தது. பல் டாக்டர், "யாரோ ரப்பரைக் கொளுத்துறாங்க" என்றார். வண்டி ஒருமுறை உதறிக்கொண்டது. இன்ஜின் கத்தியது. ஆனால் சக்கரம் நகரவில்லை. டிரைவர் கைபிரேக்கை இழுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கொடிக்காரர் வேறு பஸ் கேட்டு வாக்கிடாக்கியில் பேசினார். வருவதற்கு வெகுநேரம் ஆகும் என்றார்கள். ஏன் என்று கேட்டார். மாரத்தானுக்காகச் சாலையை அடைத்திருக்கிறார்கள் என்றார்கள்.

பாலத்தின் உச்சியில் அக்கா திரும்பிப் பார்த்தாள். பஸ் கீழே நின்றுகொண்டிருந்தது. முன்கண்ணாடிக்குப் பின்னால் டிரைவர் அசையாமல் இருந்தார். அவளுக்கு உச்சந்தலை வரை சுருக்கென்று ஏறியது. எனக்காக நிறுத்தியிருக்கிறார். பாவம் பார்த்து நிறுத்தியிருக்கிறார். அந்தக் கோபத்தில் இறக்கத்தில் அவள் ஓடினாள். அன்று முழுக்க ஓடாத ஓட்டம் அது. முழங்கால் புகார் சொன்னது, அவள் எடுக்கவேயில்லை.

முடிவுக்கோட்டில் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்துவதற்கு ஒருவர் கையைத் தூக்கும் நேரத்தில் அக்கா கோட்டைத் தாண்டினாள். கடைசி ஆள், ஆனால் கணக்கில் சேர்ந்த ஆள். கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள். சாலையோரம் உட்கார்ந்து ஒரு வாழைப்பழத்தைத் தின்றாள். சந்தோஷப்படலாமா கூடாதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

ஊருக்கு அந்தக் குழப்பம் இல்லை. பல் டாக்டர் பஸ்ஸுக்குள் இருந்தபடியே எல்லாவற்றையும் போனில் படம் பிடித்திருந்தார். "மனைவிக்காகப் பஸ்ஸையே நிறுத்திய கணவர்" என்று போட்டுவிட்டார். சாயங்காலத்துக்குள் அது தெரு முழுக்கச் சுற்றியது. அக்காவின் தங்கை போனில் அழுதாள். மறுநாள் தண்ணீர் வரவில்லை என்று கூப்பிட்ட ஓர் அம்மா, குரலை அடையாளம் கண்டுபிடித்து, "நீங்க கொடுத்துவச்சவங்க. தண்ணி மெதுவா வரட்டும், பரவால்ல" என்றார். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதக்கத்தை பிரிட்ஜ் மேல் கவிழ்த்து வைத்தாள். டிரைவரோடு பேச்சை நிறுத்தினாள். மகளுக்குக் கூடுதல் வேலை தொடங்கியது.

டெப்போவில் டிரைவரின் நிலைமை இன்னும் மோசம். மேனேஜர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கையைக் குலுக்கினார். "நானா இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன். கிளட்ச் பழசுன்னு எழுதிடலாம். விடுங்க." டிரைவர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். பட்டறைக்குப் போனால் மெக்கானிக் கருகிய தட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "அண்ணே, இது பழசு இல்ல. பெடல்ல கால வச்சுக்கிட்டே ஓட்டினா இப்படித்தான் ஆகும்."

"மெதுவாப் பேசு" என்றார் டிரைவர்.

புதிதாக வருகிறவர்களை அவர் திட்டுவதே இதற்காகத்தான். கிளட்சில் காலை வைத்துத் தூங்காதே என்பார். இப்போது அவர் முன்னால் இரண்டு பெயர்கள் இருந்தன. மனைவிக்காக விதியை மீறியவர் என்பது ஒன்று. வண்டி ஓட்டத் தெரியாதவர் என்பது இன்னொன்று. எதைச் சுமப்பது என்று அவருக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை.

சில நாள் கழித்து அவர் சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது அக்கா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஒரே கேள்விதான். வேணும்னு நிறுத்தினீங்களா?"

"இல்ல."

"அப்ப ஏன் நின்னுச்சு?"

"மெஷின்தானே. நிக்கும்."

"உங்க கையில ஒருநாளும் நிக்காத மெஷின் அன்னிக்கு மட்டும் நின்னுச்சாக்கும்." அக்கா கையைக் கட்டிக்கொண்டாள். "சரிங்க. நான் லைன்லயே இருக்கேன்."

இருந்தாள். டிரைவர் இரண்டு மூன்று காய்களை உரித்தார். உரித்ததைக் குப்பையிலும் தோலைக் கிண்ணத்திலும் போட்டார். ஊரில் பலபேரைத் தணித்த அந்த மௌனத்தை அவர் இதுவரை அனுபவித்ததில்லை.

"கிளட்ச்ல கால் வச்சுட்டே ஓட்டினேன்" என்றார் கடைசியில். "கருகிடுச்சு."

"நீங்களா?"

"நான்தான்."

"ஏன்?"

"நீ நொண்டிக்கிட்டுப் போற. எங்க விழுந்துடுவியோன்னு உன் காலையே பார்த்துக்கிட்டு வந்தேனா, என் கால் எங்க இருக்குன்னு மறந்துபோச்சு."

அவர் காதோரம் சிவந்திருந்தது. அக்கா கேட்டாள்: "வண்டி நிக்கலன்னா என்னைத் தாண்டியிருப்பீங்களா?"

"நீ பின்தங்கினா தாண்டித்தான் ஆகணும். கதவத் திறந்து ஏறுன்னும் சொல்லியிருப்பேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. ஆனா தாண்டியிருக்க முடியாது. வண்டி நின்னா கடிகாரமும் நிக்குமா? நீ கடிகாரத்துக்கு முன்னால போய்ச் சேர்ந்துட்ட. நான் அந்த நேரத்துக்குத்தான் வந்திருப்பேன். எப்படிப் பார்த்தாலும் எனக்கு முன்னாலதான் நீ."

அக்கா அதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அவள் முகம் தெளிந்தது. குப்பைக் கூடையிலிருந்து பட்டாணியைப் பொறுக்கி எடுத்துக்கொண்டே, "நாளைக்கு டெப்போல போய் இதைச் சொல்லிடுங்க" என்றாள்.

"கெட்ட பேர் வருமே."

"இப்ப இருக்கிறது நல்ல பேரா? நான் ஓடினது உங்க தயவுலன்னு ஊரே பேசுது."

டிரைவர் போய்ச் சொன்னார். மேனேஜருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "சும்மா இருந்திருக்கலாம்ல" என்றார். வேறு வழியில்லாமல், புதியவர்களுக்கான பயிற்சி வகுப்பில் அவரையும் உட்காரவைத்தார். டிரைவர் முதல் வரிசையில் கையைக் கட்டி உட்கார்ந்து, கிளட்ச் என்றால் என்ன என்பதை முதலிலிருந்து கேட்டார்.

தெருவில் உண்மையைச் சொல்லும் வேலையை மகள் ஏற்றுக்கொண்டாள். எல்லோரும் கேட்டார்கள். ஒருவரும் நம்பவில்லை. "பாரு, சம்சாரத்தோட பதக்கத்துக்கு ஒரு சொல் வந்துடக்கூடாதுன்னு பழியத் தன் தலையில போட்டுக்கிட்டாரு. இப்படி ஒரு மனுஷனா" என்று பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் வாதாடிப் பார்த்துவிட்டுக் கைவிட்டாள். அக்காவும் விட்டுவிட்டாள். தெரிய வேண்டியது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த ஓட்டத்துக்கு டிரைவர் விடுப்பு எடுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார். கயிற்றுக்குப் பின்னால் அக்காவின் துணிப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் ஆட்கள் கூவினார்கள், தகரத்தைத் தட்டினார்கள். அவருக்கு அதெல்லாம் வரவில்லை. வெகுநேரம் கழித்து, கூட்டம் கலைந்த பிறகு, வெயிலில் முகம் சிவந்து அக்கா வந்தாள். அவர் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, தொண்டையைக் கனைத்தார்.

"லெப்ட்ல ஒதுங்கிப் போ" என்றார். "வளைவு வருது, பார்த்து."

அக்கா திரும்பவில்லை. வண்டி சிக்னல் காட்டுவதுபோல இடது கையை நீட்டிக் காட்டிவிட்டு, வளைவில் ஒதுங்கிப் போனாள்.